எத்தனை நாள்?

நால்வகைத் தானங்கள் எவை எனக் கேட்டால், உணவு, மருந்து, நூல், அபயம் என்று நம் இல்லத்துச் சிறுவரும் ஒப்பிப்பர். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்று வகுக்கிறார். துறவியர்க்குச் செய்யும் பணிவிடையைக் குறித்தே அவர் அவ்வாறு கூறினார். ஆயினும் உறைவிடம் என்னும் அச்சொல் நம் நெஞ்சைப் பல்லாண்டுகளாக உறுத்தி வருகிறது.

2011ஆம் ஆண்டில் ஒரு நாள், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நம் சிற்றப்பா மகன் தொலைபேசியில் அழைத்தார். மகள் வயிற்றுப் பேரனுக்கு ஐந்து வயது. இரத்தப் புற்றுநோய் என்று கூறிச் சென்னைக்கு அனுப்பியிருந்தனர். "அக்கா, பிள்ளையும் தாயும் உங்கள் வீட்டில் தங்கலாமா?" என்றார். "தாராளமாக வரட்டும் தம்பி" என்றோம். அவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். "எத்தனை நாளைக்கு?" என்றும் கேட்டுவிட்டோம். தீய எண்ணம் ஏதுமில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கால அட்டவணை எழுதிப் பழகிய ஆசிரியப் புத்தி! மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "மூன்று நான்கு நாள் இருக்கும் அக்கா" என்றார்.

அந்நோய்க்குரிய சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் என்பதை மருத்துவரிடம் அவர் முன்பே கேட்டறிந்திருந்தார்.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குப் பிள்ளை பசிக்கிறதென்று அழுதான். தொடக்கத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து கடும்பசியை உண்டாக்கும் என்று நாம் அப்போது அறியோம். பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டாத வீடு நம்முடையது. தாய் வெந்நீரைக் கொடுத்துத் தேற்றிக்கொண்டிருந்தது நம் காதில் விழுந்தது. எழுந்து சென்றால் அவள் கூச்சப்படுவாளோ என்று படுத்தே இருந்தோம். இரவுண்ணாமை நாம் விரும்பி ஏற்ற விரதம். அப்பிள்ளை எந்த விரதத்தை ஏற்றான்? நான்காம் நாள் காலையில் இருவரும் சொல்லிக்கொண்டு புறப்பட்டனர். ஊருக்குத்தான் சென்றனர் என்று நினைத்தோம்.

இரண்டு திங்கள் கழித்தே செய்தி தெரிந்தது. மருத்துவமனைக்கு அருகில் ஒரு விடுதியில், சன்னலில்லாத அறையில், வளையலை அடகு வைத்து அவர்கள் தங்கியிருந்தனர். ஓடிச்சென்று அழைத்தோம். "இந்த மாத வாடகை கட்டிவிட்டோம் அத்தை" என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள்.

நம் முன்னோர் கட்டிய சத்திரங்கள் வழிப்போக்கருக்கானவை. மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது என்னும் விதி பலவற்றில் உண்டு. அடுத்து வருபவருக்கும் திண்ணை வேண்டுமன்றோ? ஆனால் நோயுற்ற பிள்ளையின் குடும்பம் வழிப்போக்கர் அன்று. முதற்சில மாதங்களில் மருந்தின் கடுமையால் வெள்ளணுக்கள் குறையும். காய்ச்சல் கண்டால் அந்த இரவே மருத்துவமனை சேர வேண்டும். விடியட்டும், முதற்பேருந்தில் போகலாம் என்றிருக்க இயலாது. தங்க இடமின்றிச் சிகிச்சையை இடையில் கைவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்களும் உண்டு. குணமாகக்கூடிய பிள்ளை அவ்வாறு மடிவதை மருந்தின் தோல்வி என்று எவ்வாறு கூறுவது?

இதனை உணர்ந்து இல்லம் அமைத்தோர் உளர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1974ஆம் ஆண்டு அத்தகைய இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. குழந்தைப் புற்றுநோய் மருத்துவரான ஆட்ரி எவான்ஸ் அம்மையாரும், இரத்தப் புற்றுநோயுற்ற மகளுக்குத் தந்தையான பிரெட் ஹில் என்னும் விளையாட்டு வீரரும் அதற்கு முன்னின்றனர். அதற்கு நிதி திரட்டித் தந்தது மாட்டிறைச்சி விற்கும் மெக்டொனால்ட் உணவகம். நாமாயின் அந்நிதியை ஏற்றிருப்போமா என்பது தனியே சிந்திக்கத்தக்கது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்களில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்குகின்றனர். குடும்பத்துக்கென ஓர் இடம். பொதுச் சமையலறையில் தாய் தன் கையால் சமைக்கத் தனி அடுப்பு. அந்த அடுப்பையே நாம் பெரிதென மதிக்கிறோம். தன் அடுப்பு உள்ளவளுக்கு நள்ளிரவில் கஞ்சி காய்ச்ச எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஓர் அறையை ஒரு குடும்பத்துக்கே ஈராண்டு விட்டுவிட்டால், அங்கு மும்மூன்று நாள் தங்கக்கூடிய பலரைத் திருப்பி அனுப்ப நேருமே, அது அறமா என நம் சமூகப் பெரியவர் ஒருவர் வினவினார். எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று. எனினும், பாதி மருந்து தந்து பலரை அனுப்பும் மருத்துவரை நாம் கருணையாளர் என்போமா? உறைவிடமும் அப்பிள்ளைக்கு மருந்தின் ஒரு பகுதியே. இடம் சிறிதாயின் சிலருக்கே கொடுப்போம். கொடுத்தவருக்கு முழுவதும் கொடுப்போம். இவ்வாறு கூறுகையில், திரும்பிச் செல்வோரின் முகம் நம் கண்ணில் தோன்றாமல் இல்லை.

அந்தப் பிள்ளை 2014ஆம் ஆண்டு சிகிச்சை முடித்து நலம் பெற்றான். இன்று சென்னையிலேயே கல்லூரியில் பயில்கிறான். நம்மிடம் அன்புடையவன், மாதம் ஒருமுறை வந்து பார்த்துச் செல்வான். நம் வழக்கம் அறிந்தவனாதலால் பொழுது சாயுமுன் உண்டுவிடுவான். "இன்றிரவு தங்கிப் போயேன் அப்பா" என்று ஒவ்வொரு முறையும் கூறுகிறோம்.

"விடுதியில் சொல்லிவிட்டு வரவில்லை பாட்டி" என்று கூறிச் செருப்பை மாட்டிக்கொள்கிறான்.