நெருப்பும் அண்டை வீட்டார் உரிமையும்

 

2025 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் காட்டுத் தீ பரவியபோது, "இது அல்லாஹ்வின் தண்டனை" என்று நம்மில் சிலர் மகிழ்ச்சியோடு செய்தி பரப்பினார்கள். அதே தீயில், மலையடிவார ஊரான அல்டடீனாவில் மஸ்ஜித் அத்தக்வா என்ற பள்ளிவாசலும் எரிந்து சாம்பலானது. பக்கத்து ஊரில் யூதர்களின் ஆலயமும் எரிந்தது. இப்போது என்ன சொல்வீர்கள்? எது தண்டனை, எது சோதனை என்பதை அல்லாஹ்வே அறிவான். தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. படிப்பினை பெறுவதே நம் வேலை.

மதீனாவில் ஓர் இரவு, வீட்டார் உள்ளே இருக்கும்போதே ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகை என்றும், உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்தச் செய்தியில் அந்த வீட்டார் மீது எந்தப் பழியும் இல்லை. மற்றவர்களுக்கான எச்சரிக்கை மட்டுமே இருக்கிறது.

சகோதரர்களே! அந்த அமெரிக்க ஊர்களில் நடந்தது என்ன? இரண்டு ஆண்டுகள் நல்ல மழை பெய்து புல்லும் புதரும் செழித்தன. பிறகு மாதக்கணக்கில் மழையின்றி எல்லாம் காய்ந்தன. பாலைவனப் பக்கமிருந்து வறண்ட காற்று மலையிறங்கி வேகமாக வீசியது. அது தீப்பொறிகளைத் தூக்கிச் சென்று வீடுகள் மேல் போட்டது. கூரையில் கிடந்த சருகிலும், சுவரை ஒட்டிய மரவேலியிலும் ஒரு பொறி விழுந்தால் போதும். எரியும் வீடு அடுத்த வீட்டைப் பற்றவைக்கும். காட்டில் தொடங்கிய தீக்கு ஊருக்குள் வீடுகளே விறகாகிவிடும். அங்கே இரண்டு பெருந்தீக்களில் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

அதனால்தான், வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்று அங்குள்ள தீயணைப்புத் துறையினர் வலியுறுத்துகிறார்கள். ஒருவர் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை; தெருவே செய்ய வேண்டும். என் கூரையில் நான் அள்ளாமல் விட்ட சருகு, என் அண்டை வீட்டாரின் பிள்ளைகள் உறங்கும் அறையை எரித்துவிடலாம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றால், அண்டை வீட்டாரை எரிக்கக்கூடிய சருகை அகற்றுவது எவ்வளவு பெரிய அமல்! அவர் முஸ்லிமா இல்லையா என்று நெருப்பு பார்ப்பதில்லை. அவருக்குரிய உரிமையைக் கொடுக்கும்போது நாமும் பார்க்கக் கூடாது.

வீட்டையும் பள்ளிவாசலையும் இழந்த மக்களுக்கு அல்லாஹ் அதைவிடச் சிறந்ததைத் தருவானாக! பிறர் துன்பத்தில் மகிழும் உள்ளத்திலிருந்தும், இம்மை மறுமை நெருப்பிலிருந்தும் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன்.