பரிகாரம் யாருக்கு?

கேள்வி: என் பேரனுக்குப் பிறவியிலேயே இடது கை வளரவில்லை. முன்ஜென்மப் பாவம் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். என்ன பரிகாரம் செய்யலாம் சாமி?
– வாசகி, ஓமலூர்

பதில்: பரிகாரம் அந்தச் சொந்தக்காரர்களின் நாக்குக்குத்தான் வேண்டும் அம்மணி. வினைப்பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் உத்தியோகத்தை ஈசன் யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். மாலையோடு ஓடியவர்கள் முன்ஜென்மம் விசாரித்தார்களா? பதக்கம் வந்தால் தெய்வப் பிறவி, வராவிட்டால் பாவப் பிறவியா?

பேரனுக்குத் தண்டியடிகள் கதையைச் சொல்லுங்கள். திருவாரூர்க்காரர், பிறவியிலேயே பார்வை இல்லை. கமலாலயக் குளம் குறுகிக் கிடந்தது. அதைத் தோண்டி அகலமாக்க, குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவித் தடவியே மண்கூடையைக் கரையேற்றினார். கண்தான் இல்லை, காதும் போச்சா என்று கேலி செய்தவர்கள் மண்வெட்டியையும் கம்பையும் பிடுங்கினார்கள். முடிவில் இவருக்குப் பார்வை வந்தது, அவர்களுக்குப் போயிற்று. கதை சொல்பவர்கள் அந்த அற்புதத்திலேயே நின்றுவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கயிறு.

கேள்வி: நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது கால் ஊனமானவர் எதிரே வந்தால் சகுனத்தடையா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: நீங்கள் எதிரே வந்தது அவருக்கு என்ன சகுனமோ!

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். ஊனத்தை இறைவனின் சோதனை என்கிறார்கள் அரபு நண்பர்கள். நாம் கர்மா என்கிறோம். எது சரி?
– வாசகர், சங்ககிரி

பதில்: இரண்டையும் சொல்வது பெரும்பாலும் கைகால் நன்றாக இருப்பவர்கள்! உங்கள் அரபு நண்பர்களிடம் குர்ஆனின் 80-ஆம் அத்தியாயத்தைக் கேட்டுப் பாருங்கள். நபிகள் குறைஷித் தலைவர்களோடு பேசும்போது இப்னு உம்மி மக்தூம் என்ற பார்வையற்றவர் இடையில் வந்து கேள்வி கேட்டார். நபிகள் முகம் சுளித்தார். அதற்கு இறைவனே கண்டித்து வசனம் இறக்கினான் என்பது அவர்கள் மரபு. அந்த இப்னு உம்மி மக்தூம்தான் பிறகு மதீனாவில் பாங்கு சொன்னார்.

கேள்வி: மூன்று வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தலாமா?
– வாசகி, பரமத்திவேலூர்

பதில்: தாராளமாகச் சாத்துங்கள். காதையும் பரிசோதியுங்கள். காது கேட்காததாலேயே பேசாத குழந்தைகள் உண்டு. காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. சின்ன வயதில் செய்தால்தான் பலன். வடைமாலைக்குச் சனிக்கிழமை பாருங்கள், டாக்டரிடம் நாளைக்கே போங்கள்.