தேர்ந்த வழியும் அதன் விலையும்

தான் செய்த செயல் இனிய பயன் தருமாயின் அதைத் தன் முயற்சி என்பதும், கசந்த பயன் தருமாயின் தலையெழுத்து என்பதும் மனித இயல்பு. வழியைத் தேர்ந்தவன் தானே. ஆயினும் அவ்வழியில் முள் தைத்தவுடன் பிறரை நோக்கி விரல் நீட்டுகிறான். எடுத்த முடிவுக்குரிய விலையை எவ்வாறு ஏற்பது என்னும் வினாவுக்கு, வைணவ குருபரம்பரையில் கூரத்தாழ்வானுடைய சரிதமே தெளிவான விடையாக விளங்குகிறது.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் ஆழ்வான். 1017-ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானாரின் திருவடிகளை அடையும் பொருட்டுச் செல்வம் யாவற்றையும் துறந்து திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் தேவியாரான ஆண்டாள் அஞ்சினார். கையில் பொருள் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்கென்று கொணர்ந்த பொன்வட்டில் ஒன்று வெளிப்பட்டது. அதையும் வாங்கி எறிந்த பின்னரே மேலே நடந்தார். பாதி துறந்தவனுக்கே அச்சம் உண்டு என்பதை அந்த வட்டில் உணர்த்துகிறது.

பின்னொரு நாள் சோழ மன்னனின் ஆட்கள் எம்பெருமானாரைத் தேடி வந்தனர். ஆசாரியனின் காஷாயத்தைத் தாம் உடுத்து, அவராகவே சபைக்குச் சென்றார் ஆழ்வான். அவரை இன்னாரென்று காட்டிக் கொடுத்தவன் நாலூரான். மன்னன் நீட்டிய ஓலைக்கு இசைய மறுத்ததால் கண்கள் இரண்டும் போயின. உடன் சென்ற பெரிய நம்பிகளும் திருமேனி தளர்ந்து வழியிலேயே பரமபதித்தார். எம்பெருமானாரோ மேல்நாடு சென்று உயிர் பிழைத்தார்.

இதனினும் கடிய சோதனை திருவரங்கக் கோயில் வாசலில் காத்திருந்தது. எம்பெருமானாரின் சம்பந்தம் உடையோரை உள்ளே விடலாகாது என்பது கட்டளை. எனினும் ஆழ்வான் நற்குணம் மிக்கவர் என்று கருதி, அவரை மட்டும் விடலாம் என்றனர் வாசலில் இருந்தோர். கண்ணிழந்தவருக்குக் கருணையால் தரப்பட்ட சலுகை அது. ஏற்றிருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆனால் ஆசாரிய சம்பந்தத்தை விலக்கிவிட்டுப் பெறும் பெருமாள் சேவையும் தமக்கு வேண்டா என்று அவர் திரும்பிவிட்டார். திருவரங்கத்தையே விட்டுத் திருமாலிருஞ்சோலை சென்று வாழ்ந்தார்.

இங்கேதான் உண்மை புலப்படுகிறது. துன்பம் வந்த வேளையில் தாங்கிக்கொள்வது பலருக்கும் இயலும். அப்போது வேறு வழியில்லை. துன்பத்தினின்று விலகும் கதவு திறந்திருக்கும்போதும், அக்கதவின் விலை தன் கொள்கை என்று அறிந்து திரும்புகிறவனே தன் முடிவை முழுதும் தனதாக்கிக் கொண்டவன். இதனை விதிக்குப் பணிதல் என்று கூறுதல் பொருந்தாது. விதிக்குப் பணிகிறவன் தேர்வதில்லை. ஆழ்வான் இரண்டாம் முறையும் தேர்ந்தார்.

விலையைத் தந்தவர்களிடம் மற்றொரு குறை தோன்றுவதுண்டு. தாம் பட்ட பாட்டைக் கணக்கிட்டு வைத்து, அதற்குக் காரணமானவரும் படவேண்டும் என்று காத்திருப்பார்கள். 12 ஆண்டுகளுக்குப் பின் மீண்டு வந்த எம்பெருமானார், காஞ்சி வரதனிடம் கண்களை வேண்டுமாறு ஆழ்வானைப் பணித்தார். ஆழ்வானோ, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று வேண்டினார். தம் செயலின் விளைவை ஒரு துளியும் குறையாமல் ஏற்றவர், பிறன் செயலின் விளைவை அவன்மேல் சுமத்த விரும்பவில்லை. தனக்கு நியாயம், பிறருக்குக் கருணை என்பதே அவர் கைக்கொண்ட அளவுகோல். உலகம் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகவே பிடிக்கிறது.

கண்ணையும் உயிரையும் கேட்கும் முடிவுகள் இல்லறத்தார்க்கு அரிதாகவே நேரும். சொன்ன சொல், ஏற்ற கடமை, பெற்றோரைப் பேணும் பொறுப்பு முதலான சிறிய முடிவுகளே நாள்தோறும் விலை கேட்கின்றன. அவ்வேளையில் மடியில் ஒளித்த பொன்வட்டில் எது, திறந்து நிற்கும் சலுகைக் கதவு எது, மனத்தில் சுமக்கும் நாலூரான் எவன் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வது நன்று.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.