மண் கேட்காத செடி

வெட்டிவிடுவார்கள் என்று நான் நம்பிய புளியமரம் இன்னும் நிற்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், ஒரு வளைவில். அடிமரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டிருந்தார்கள். இப்போது பாதி உதிர்ந்துவிட்டது. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். மரத்துக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

விஷயம் அதற்கு முந்தைய மரத்தில் ஆரம்பித்தது. மூன்று வருஷம் இருக்கும். சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று வேறொரு புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். விழுந்த கிளையின் மேல் ஒரு கொத்து: தடித்த, நீளமான, நடுவில் மடிந்த இலைகள், கயிறு கயிறாக வெள்ளை வேர்கள். பூ இல்லாவிட்டாலும் அடையாளம் தெரிந்தது. வாண்டா டெஸ்ஸலேட்டா. நம் சமவெளியில், இந்த வெயிலில், வேம்பிலும் புளியிலும் மாவிலும் தானாக வாழ்கிற ஆர்கிட். வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது புல்லுருவிங்க தம்பி. மரத்த உறிஞ்சிரும். வேணும்னா எடுத்துக்கங்க" என்றார் ரம்பம் பிடித்திருந்தவர்.

அவரைத் திருத்தத் தோன்றியது, திருத்தவில்லை. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை எடுக்கும். வாண்டா அப்படிச் செய்யாது. பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. வேரைச் சுற்றி உயிரற்ற செல்களால் ஆன பஞ்சுபோன்ற உறை ஒன்று உண்டு. மழைத்தண்ணீரும் பனியும் பட்டால் அது உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளையாக இருந்த வேர் பச்சையாகிவிடும். பகல் வெயிலில் இலையின் துளைகளை மூடிவைத்து, ராத்திரியில் திறந்து மூச்சு வாங்கும். மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம், கொஞ்சம் நிழல். ஆனாலும் கெட்ட பெயர் பழசு. வாண்டா என்ற சொல்லே சமஸ்கிருதத்திலிருந்து போனது. மரத்தின் மேல் தொற்றி வாழும் செடிகளை எல்லாம் அங்கே ஒரே பெயரில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1795இல், சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தில். நம் ஊர்ச் செடி நம் கரையின் பெயரைத் தாங்கிய புத்தகத்தில் ஏறியிருக்கிறது, நம் ஊரில் அது இன்னும் புல்லுருவிதான்.

எடுத்து வந்தேன். வீட்டு வேப்பமரத்தில் சணலால் கட்டினேன். அதில் தப்பு என்ன என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மரம் அரசாங்கத்துடையது, ஏலம் எடுத்தவருக்குப் போயிற்று. கிளையும் அவருக்குத்தான். கிளையின் மேல் இருந்தது யாருக்கு? ஏலச் சீட்டில் அது இருந்திருக்காது. விட்டிருந்தால் விறகோடு சேர்ந்து எரிந்திருக்கும்.

இதற்கு முன்னால் நான் ஆர்கிட் வளர்க்கப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்துக் கெட்டவன் நான். கலிபோர்னியா கடற்கரையில் ஒருவர் கொல்லைப்புற ஓக் மரத்தில் மெக்சிகோ மலைகளின் லேலியாவைக் கட்டிவைத்திருப்பார். தொட்டியில் இமயத்துச் சிம்பிடியம் வெளியிலேயே பூக்கும். கண்ணாடி வீடு வேண்டாம், ஏசி வேண்டாம். கோடையில் கடலிலிருந்து மூடுபனி வந்து செடியை நனைத்துப் போகும், குளிர்காலத்தில் பெரும்பாலும் உறைபனி இருக்காது. அதைப் பார்த்துவிட்டு திருச்சியில் இரண்டு ஃபலனாப்ஸிஸ் வாங்கினேன். சித்திரையில் இரண்டும் வெந்தன. அப்புறம் குளிர்மலைச் செடி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதற்குப் பகல் நாற்பது டிகிரியைவிட நம் ராத்திரிதான் பெரிய கொடுமை. ராத்திரி குளிரவில்லை என்றால் பகலில் சேர்த்த மாவை எல்லாம் அது மூச்சிலேயே செலவழித்துவிடும். ஈரத்துணி கட்டினேன், ஃபேன் வைத்தேன். "புள்ளைக்குக்கூட இம்புட்டு விசிறுனதில்ல" என்றார் அப்பாயி. செடி ஒரு மாதம் தாங்கியது.

எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் கடல்தான். காரையில் சிவந்த ஓடைப்பள்ளங்களில் நடந்தால் கடல் உயிரிகளின் எச்சங்கள் காலில் தட்டுப்படும். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது; புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளியுலகுக்குச் சொன்னது. 12 கோடி ஆண்டு என்று கணக்கு. அரியலூர் சிமென்ட் ஆலைகள் அரைக்கிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. பிசினில் சிக்கிய ஒரு தேனீயின் முதுகில் ஒட்டியிருந்த மகரந்தத்தை வைத்து 2007இல் போட்ட கணக்கின்படி, இன்றைய ஆர்கிட்களின் பொது மூதாதை 7.6 கோடியிலிருந்து 8.4 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. எங்கள் ஊரில் அப்போது அலை அடித்துக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கும், செத்த ஃபலனாப்ஸிஸுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றாலும்.

அதனால் புளியமரத்து வாண்டா கிடைத்ததும் ஒரு தெளிவு வந்ததாக நினைத்தேன். இந்த மண்ணில் எது வாழுமோ அதை வளர்ப்பது. ஃபேனும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். முதல் ஐப்பசி மழையில் புது வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்த்தபோது எனக்குள் ஒரு பெருமிதம். காப்பாற்றியவன் என்கிற பெருமிதம்.

அதற்கப்புறம் என் கண் மாறிப்போனது. சாலையோரத்தில் எண் போட்ட மரம் தெரிந்தால் முதலில் மரத்துக்காக வருத்தப்படுவேன். அடுத்த நொடி அண்ணாந்து கிளையைத் தேடுவேன். அந்த அடுத்த நொடியை நான் கவனிக்கவே ரொம்ப நாளாயிற்று. அழிவு வந்தால்தான் எனக்குச் செடி கிடைக்கும், அதனால் அழிவை எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

வளைவிலிருந்த மரத்தில் பெரிய கொத்து இருந்தது. எண்ணும் இருந்தது. எப்படியும் வெட்டத்தானே போகிறார்கள், ரம்பம் வந்தால் நசுங்கிவிடும், முன்னாலேயே எடுத்துவிடுவது செடிக்கு நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி கொண்டுபோய் எடுத்தேன். பல வருஷமாகப் பட்டையோடு ஒட்டிய வேர்கள். பிய்க்கும்போது பாதி அறுந்தன. மரத்தை வெட்டவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

1850இல் ஜோசப் ஹூக்கர் காசி மலைகளில் நீல வாண்டாவைக் கண்டார். கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை சேகரித்தார். இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம். இன்னொருவர் அனுப்பிய ஒரே ஒரு ஆள் சுமை, வதங்கிய நிலையிலும், 300 பவுண்டுக்கு விற்றது. அதே ஹூக்கர் ஒரு கடிதத்தில், செடி சேகரிப்பவர்களின் கூட்டத்தால் பாதையோரங்கள் மொட்டையாகின்றன, புயல் அடித்ததுபோல் மைல் கணக்கில் கிளைகளும் ஆர்கிட்களும் அழுகிக் கிடக்கின்றன என்று அங்கலாய்க்கிறார். இதை முதலில் படித்தபோது சிரித்தேன். தன் ஏழு சுமையை அந்தக் கணக்கில் அவர் சேர்த்தாரா? இப்போது சிரிப்பு வருவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அறிவியலுக்காக எடுத்ததாக உண்மையிலேயே நம்பியிருப்பார். நானும் உண்மையிலேயே நம்பினேன்.

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "ஒரு செடிடா. பச்சைமலையில போய்ப் பாரு, எத்தனை கிடக்குன்னு" என்றான். இந்த வாதம் ஆர்கிட்டிடம் செல்லுபடியாகாது. ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை, தூசி மாதிரி. ஆனால் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. காற்றில் போய் விழுகிற பட்டையில் அதற்கு ஏற்ற பூஞ்சை இருந்து, அது ஊட்டினால்தான் முளைக்கும். அப்படி முளைத்தது பூக்கிற அளவு வளர இன்னும் பல வருஷம். லட்சம் விதை என்பது செல்வம் மாதிரித் தெரியும், உண்மையில் அது லாட்டரிச் சீட்டு. பூஞ்சை இல்லாமலே சர்க்கரைக் கூழில் முளைக்கவைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922இல் காட்டிவிட்டார். அதிலிருந்து காட்டுச் செடியைப் பிடுங்க ஒரு நியாயமும் மிச்சமில்லை. குடுவையில் பிறந்த வாண்டாவை நானும் வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த மரத்துச் செடிதான் வேண்டியிருந்தது.

திருப்பிக் கொண்டுபோய்க் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். இரண்டு தடவை ஏணி வரை போனேன். இப்போது அது எங்கள் வேம்பைப் பிடித்துவிட்டது. விரல் நுழையாத அளவுக்கு வேர் பட்டையோடு பட்டையாக இருக்கிறது. மறுபடி பிய்த்தால் மறுபடி பாதி அறும். இந்த முறை செடிக்காகவா, என் மனசுக்காகவா? வைத்துக்கொள்வதற்கு இது வசதியான காரணம் என்றும் தெரிகிறது. வசதியாக இருப்பதாலேயே அது பொய்யாகிவிடுமா என்றும் தோன்றுகிறது. இதில் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

போன வைகாசியில் பூத்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதா உதடு. நல்ல வாசனை. அப்பாயி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "எங்கேருந்து கொண்டாந்த?" என்றார். ரோட்டோரத்து மரத்திலிருந்து என்றேன். "வெட்டுன மரமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பூ மட்டும் காய் பிடித்திருக்கிறது. விரல் நீளம், இன்னும் பச்சை. வெடிக்கப் பல மாதம் ஆகும். வெடிப்பதற்குள் பறித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் நூற்றுக்கணக்கில் நாற்று எடுக்கலாம் என்று இணையத்தில் ஒருவர் சொன்னார். பறிக்கவில்லை. மரத்திலேயே வெடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து அந்த வளைவு நேராகப் பார்த்தால் மூன்று கிலோமீட்டர், கிழக்கே. ஆனி ஆடியில் காற்று அந்தப் பக்கமாகத்தான் அடிக்கும்.