அம்பர்க் கல்லும் அதைத் தோண்டிய கையும்

மயிலாப்பூரில் உள்ள எங்கள் பங்கு இல்லத்தில், என் எழுதுமேசையின் மேல் சில ஆண்டுகளாக ஒரு சிறு கல் இருந்து வருகின்றது. புளியங்கொட்டை அளவு, தேனின் நிறம். சாளரத்தருகே கொண்டுசென்று வெளிச்சத்தில் பிடித்தால், அதன் நடுவே ஓர் எறும்பு தெரியும். ஆறு கால்களும், முறிந்த ஓர் உணர்கொம்பும், வயிற்றின் வரிகளும் நேற்று மடிந்ததுபோல் தெளிவாய் இருக்கின்றன. பூச்சியியல் பயின்ற எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர், 2019-ஆம் ஆண்டில் சீனத்தின் யுன்னான் மாநிலத்திற்குச் சென்றபோது, அங்கே தெங்சோங் நகரக் கடைத்தெருவில் வாங்கி வந்து எனக்கு அன்பளிப்பாகத் தந்தது. அக்கல்லால் என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அம்பர் என்றதும் திமிங்கிலத்தின் குடலில் விளையும் வாசனைப் பொருளைச் சிலர் நினைப்பதுண்டு. இது அதுவன்று. மரத்திலிருந்து வடிந்த பிசின் மண்ணுள் புதைந்து, நெடுங்காலத்தில் இறுகிக் கல்லைப் போல் ஆனதே இது. சாம்பிராணியும் குங்கிலியமும் மரப்பிசின்களே என்பது தூபமிட்டுப் பழகிய நமக்குப் புதிதன்று. பிசின் வடிந்துகொண்டிருந்தபோது அதில் கால் வைத்த எறும்பும் குளவியும் சிலந்தியும் மீளமுடியாமல் உள்ளே அமிழ்ந்தன. பாறையில் பதிந்த பூச்சி பெரும்பாலும் நசுங்கிய ஒரு சுவடாகவே எஞ்சுகின்றது. அம்பரிலோ மெல்லிய மயிரும் அதனதன் இடத்தில் நிற்கின்றது. எனவே பூச்சிகள், சிலந்திகள் முதலான கணுக்காலிகளின் பழைய வரலாற்றை ஆராய்வோர்க்கு இதைவிடத் தெளிவான ஏடு அரிது.

என்னிடம் உள்ள கல் பர்மாவின் வடகோடியில், கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. அங்குள்ள அம்பர் ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என்று 2012-இல் கணித்துள்ளனர். பர்மா ஆங்கிலேயரின் இந்தியப் பேரரசோடு இணைந்திருந்த காலத்தில், மண்டலேயிலிருந்து சுவின்ஹோ என்பவர் அனுப்பிய கற்களைக் கொண்டு, காக்கரெல் என்னும் அறிஞர் 1916 முதல் அவற்றினுள் இருந்த பூச்சிகளை விவரித்து எழுதினார். வலையில் சிக்கிய குளவியை நோக்கிச் சிலந்தி பாயும் கணத்தை உறையவைத்த அம்பர் ஒன்றை, 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் பாய்னார் வெளியிட்டார். கொம்பு போன்ற முகமுடைய தொன்மை எறும்பு ஒன்று தன் இரையை இறுகக் கவ்வியபடியே மடிந்திருக்கும் காட்சி 2020-இல் வெளியாயிற்று. மனிதக் கண் ஒன்றும் இல்லாத உலகில் பசித்து, வேட்டையாடி, மாய்ந்த உயிர்கள் இவை. என் கல்லைக் கையில் எடுக்குந்தோறும் என்னுள் ஒரு பணிவு தோன்றும். காண வந்தோர்க்கெல்லாம் பெருமையோடு காட்டுவேன்.

ஒருநாள் மாலை, திருப்பலிக் கருத்துச் சொல்ல வந்த மூதாட்டி ஒருவருக்கும் காட்டினேன். அவர் இரங்கூனில் பிறந்தவர். 1960-களில் அங்கிருந்த இந்தியர் வெளியேற நேர்ந்தபோது, பெற்றோருடன் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். கல்லை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊர்க் கல்லு சாமி?" என்று கேட்டார். பர்மா என்றேன். அவர் முகம் மாறிற்று. "எங்கம்மா காதுல கிடந்த தோட்டைக்கூட வாங்கி வச்சுக்கிட்டுத்தான் எங்களைக் கப்பல்ல ஏத்துனாங்க. இது மட்டும் எப்படி சாமி வெளியே வந்துச்சு?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. எறும்பின் வயதை அறிந்த நான், கல் வந்த வழியை அறிய நினைத்ததே இல்லை. தந்த இளைஞரை அழைத்துக் கேட்டேன். எப்போது தோண்டியது, யார் தோண்டியது என்று விற்றவர் சொல்லவில்லை; தாமும் கேட்கவில்லை என்றார்.

பின்னர் தேடிப் படித்தேன். ஓர் ஆள் மட்டுமே இறங்கத்தக்க குறுகிய குழிகளில் ஏழைத் தொழிலாளர் இறங்கி இதனைத் தோண்டுகின்றனர். கச்சின் படையினருக்கும் பர்மிய இராணுவத்திற்கும் இடையே இருந்த போர்நிறுத்தம் 2011-இல் முறிந்தது. 2017 ஜூனில், அம்பர் எடுக்கும் தனாய் பகுதியை விட்டு வெளியேறுமாறு இராணுவம் வானிலிருந்து துண்டறிக்கைகளை வீசிற்று. மக்கள் ஆயிரக்கணக்கில் அகன்றனர். போரிட்ட இரு தரப்பாருக்கும் இக்கற்களால் வருவாய் கிடைத்ததாகச் செய்திகள் கூறின. அந்நாட்டுச் சட்டம் புதைபடிவங்களை வெளியே கொண்டுசெல்லத் தடை செய்கின்றது. இரத்தினக் கல்லுக்கு அத்தகைய தடை இல்லை. பூச்சியைச் சுமந்த அம்பரோ இரண்டுமாய் இருப்பதால், அணிகலன் என்னும் பெயரில் எல்லை தாண்டுகின்றது. 2020 ஏப்ரலில் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம், 2017-க்குப் பின் பெறப்பட்ட பர்மிய அம்பரைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடாதிருக்குமாறு ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு மடல் எழுதிற்று. அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியையே கைப்பற்றியது.

இளைஞர் நேர்மையாகத் தம் பக்கத்தை எடுத்துரைத்தார். "ஃபாதர், நான் வாங்காமல் விட்டிருந்தால் இதைத் தேய்த்து மாலையில் கோத்திருப்பார்கள். எறும்பு பற்றிய செய்தி என்றென்றைக்கும் அழிந்திருக்கும். வாங்காததால் அங்கே ஒரு குண்டாவது குறைந்திருக்குமா? குழியில் இறங்கியவனுக்கும் கூலி போயிருக்கும்." இம்மறுப்பை எளிதாய்த் தள்ளிவிட முடியாது. குருமடத்தில் நாங்கள் பயின்ற அறநெறி இறையியலும் ஓரளவு அவர் பக்கமே பேசும். தீயவனின் நோக்கத்தில் பங்குகொள்வது வேறு, அந்நோக்கத்தில் சேராமல் அவன் செயலுக்கு மட்டும் துணையாவது வேறு என்று புனித அல்போன்ஸ் லிகோரி பகுத்துக் காட்டினார். அந்த அளவுகோலின்படி இளைஞரின் பங்கு மிகத் தொலைவானது. குற்றம் என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் தாவீது அரசரின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று என்னை விடவில்லை. பகைவர் வசமிருந்த பெத்லகேமின் கிணற்று நீருக்காக அவர் ஏங்கியபோது, வீரர் மூவர் பாசறையைப் பிளந்து சென்று நீர் மொண்டு வந்தனர். அவரோ அதனைப் பருக மறுத்து, ஆண்டவர் திருமுன் தரையில் ஊற்றிவிட்டார். நீரில் மாசு ஏதும் இல்லை. கொணர்ந்தவரும் தம் விருப்பத்தாலேயே சென்றனர். எனினும் அந்நீரில் மனிதர் உயிர் கலந்திருப்பதை அவர் கண்டார். கண்டபின் அதனை வெறும் நீராகப் பருக அவரால் இயலவில்லை. யூதாசு எறிந்த முப்பது வெள்ளிக் காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்க மறுத்த தலைமைக் குருக்களையும் நினைத்தேன். காசைக் குறித்து அத்துணை நுட்பமாய் ஆராய்ந்தவர்கள், தாங்கள் செய்த செயலை ஆராயவில்லை. கல்லைக் கடலில் வீசிவிட்டுக் கை கழுவிக்கொண்டால், நானும் அவர்களுள் ஒருவன் ஆவேன் அன்றோ? எறும்பையும் இழந்து, எவர்க்கும் பயனின்றி, என் மனச்சான்றுக்கு மட்டும் ஆறுதல் தேடிக்கொண்டவன் ஆவேன்.

அறிவியலே இதற்கு ஒரு வழி காட்டுவதாக எனக்குத் தோன்றுகின்றது. புதைபடிவ ஆய்வாளர் முதலில் கேட்பது, எந்த இடம், எந்த அடுக்கு என்பதுதான். இடம் தெரியாத புதைபடிவம் பெரும்பாலும் மதிப்பிழந்தது. நம் நாட்டில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த அம்பரை நோக்குக. ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசின். அதிலிருந்து 700-க்கும் மேற்பட்ட கணுக்காலிகளைப் பிரித்தெடுத்து, இந்திய அறிஞரும் பிறநாட்டாரும் சேர்ந்து 2010-இல் எழுதினர். ஆசியாவோடு வந்து பொருந்துமுன் இந்திய நிலப்பரப்பு நெடுங்காலம் தனித்து மிதந்தது என்பர். அவ்வாறாயின் அதன் பூச்சிகளும் தனித்தன்மை உடையனவாய் இருத்தல் வேண்டும். ஆனால் வஸ்தான் பூச்சிகளுள் பலவற்றுக்குத் தொலைதூரக் கண்டங்களில் உறவினர் இருந்தமை வெளிப்பட்டது. இந்த வியப்பான முடிவு எப்படிக் கிட்டிற்று? இடமும் அடுக்கும் ஐயமின்றித் தெரிந்ததனால் அல்லவா?

திருச்சபையும் இப்பாடத்தைக் கற்றதுண்டு. புனிதரின் திருப்பண்டங்கள் கடைச்சரக்காய்த் திரிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று, வந்த வழிக்குச் சான்று மடல் இல்லாத திருப்பண்டத்தைப் பொது வணக்கத்திற்கு வைப்பதில்லை. விற்பதையோ சட்டம் அறவே விலக்குகின்றது. திருத்தூதர் தோமாவின் கல்லறையைத் தன்னகத்தே கொண்ட சாந்தோமுக்கு அண்மையில் வாழும் நமக்கு, பொருளையும் அது வந்த வழியையும் பிரித்தல் ஆகாது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இடத்தையும் அடுக்கையும் குறிக்கும் ஏட்டில், தோண்டிய கையையும் குறித்தால் என்ன? எறும்பின் குடும்பப் பெயரை அறிந்து, குழியில் இறங்கியவனின் குடும்பம் எங்கே துரத்தப்பட்டது என்று அறியாதிருப்பது அரைகுறை அறிவே. வந்த வழியை அறிவதும் உண்மையை அறிவதன் ஒரு பகுதி. அதனைக் கேளாது விடுவது அறிவுக்கும் குறை, அறத்திற்கும் குறை. இது அம்பருக்கு மட்டும் உரியதன்று. தியாகராய நகரின் நகைக்கடையில் தரமும் எடையும் செய்கூலியும் சேதாரமும் கேட்டுப் பேரம் பேசுகின்றோம். எந்தச் சுரங்கம், எவர் கை என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? கேட்டால் விடை கிடைக்காமல் போகலாம். ஆனால் விடை இல்லை என்று அறிந்து வாங்குவதற்கும், கேள்வியே எழாமல் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் அடுத்த முறை தயங்குவான்.

இளைஞரும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி இத்தகைய கல்லை அவர் வாங்குவதில்லை, நான் பெறுவதில்லை. இருக்கின்ற கல்லை விற்பதும் இல்லை. கச்சின் மக்கள் தம் மண்ணில் அமைதியோடு வாழும் நாள் வருமாயின், அவர்தம் அருங்காட்சியகம் ஒன்றிற்கு அதனைத் திருப்பி அனுப்புதல் வேண்டும் என்று எழுதி, கல்லோடு ஒரு சீட்டும் வைத்துள்ளோம். அச்சீட்டில் எறும்பின் வயது இருக்கின்றது. பள்ளத்தாக்கின் பெயர் இருக்கின்றது. அங்கிருந்து மக்கள் வெளியேற்றப்பட்ட ஆண்டும் இருக்கின்றது. கீழே, "தோண்டியவர்" என்று எழுதி, எதிரே வெற்றிடம் விட்டிருக்கின்றோம்.

இப்போதும் வருவோர்க்குக் கல்லைக் காட்டுகின்றேன். சீட்டையும் சேர்த்தே காட்டுகின்றேன். அம்மூதாட்டிக்கு எழுத்து வராது. ஆதலால் நானே முழுவதும் படித்துச் சொன்னேன். வெற்றிடத்தின் மேல் விரலை வைத்து, "இங்க ஒரு பேர் இருந்திருக்கும்ல சாமி?" என்றார். அடுத்த நாள் காலைத் திருப்பலியில், பெயர் அறியாத அம்மனிதருக்காகவும் வேண்டிக்கொண்டேன்.