அழகு ஊசியும் அறியாதவர் கையும்

முகச் சுருக்கத்தை நீக்கவும் உதட்டைத் தடிப்பாக்கவும் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்று பரவி வருகிறது. இத்தகைய அலங்காரம் எந்த அளவுக்கு ஆகும், ஆகாது என்பது தனி மஸ்அலா. ஊசி போடுபவர் மருத்துவம் கற்றிருக்க வேண்டுமா என்பதே இங்கு நம் கேள்வி. "நோய்க்கா போடுகிறார்கள், அழகுக்குத்தானே! அவரவர் இஷ்டம், இதற்குப் பட்டம் எதற்கு?" என்பார் பலர்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். உதட்டையும் கன்னத்தையும் நிரப்பும் 'ஃபில்லர்' ஊசியை எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கூடப் போடலாம் என்றிருந்த நிலையை, 2013ல் புரூஸ் கியோ தலைமையிலான குழு கடுமையாகக் கண்டித்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அழகுக்காக இதைப் போடுவது 2021 அக்டோபரில் தடை செய்யப்பட்டது. உரிமம் பெற்றவரே போட வேண்டுமென விதிக்க அரசுக்கு அதிகாரம் அளித்த சட்டம் 2022ல்தான் வந்தது.

அந்த மருந்து தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் அவ்விடத்துத் தோல் அழுகும்; அரிதாகக் கண் பார்வையும் போகும். ஊசி குத்தப் பழகுவது எளிது. விபரீதத்தை உடனே கண்டு மாற்று மருந்து செலுத்துவதே கல்வி.

மருத்துவம் தெரிந்தவரென அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆனால் நஷ்டஈடு பார்வையைத் திருப்பித் தருமா? புத்தி தெளிந்தவர் தம் பொருளை வீணாக்கினாலும் அவர்மீது தடை விதிக்கச் சம்மதியாதவர்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அத்தகைய இமாமே அறிவற்ற வைத்தியனைத் தொழில் செய்யாமல் தடுக்கவேண்டும் என்றார்கள். அவன் கெடுப்பது தன் பொருளை அல்ல, பிறர் உடலை! பக்தாதில் 931ஆம் ஆண்டு வைத்தியர் தவறால் ஒருவர் இறக்கவே, ஸினான் இப்னு ஸாபித்திடம் பரீட்சையில் தேறியவரே வைத்தியம் செய்யலாம் என கலீஃபா முக்ததிர் உத்தரவிட்டார்.

"நம் ஊர் ஒஸ்தாமார்கள் பட்டம் பெற்றா கத்னா செய்தார்கள்?" எனக் கேட்கலாம். அவர்கள் பெரியவர்களிடம் பல்லாண்டு தொழில் பழகியவர்கள், ஊரறிந்தவர்கள். கத்னாவோ விட முடியாத கடமையாக இருந்தது. வைத்தியர் இல்லாத ஊரில் நோயாளிக்கும் நிர்ப்பந்தம் உண்டு. கிடைத்தவர் கையை நாடுவார். உதட்டைத் தடிப்பாக்க என்ன நிர்ப்பந்தம்? 'அழகுக்குத்தானே' என்பது சலுகைக்குக் காரணமாகாது; கண்டிப்புக்கே காரணமாகும்.

மருதாணியிட யாரும் பட்டம் கேட்கவில்லை. தோலைத் துளைத்து மருந்து செலுத்துபவரிடம் கேட்டே ஆகவேண்டும். இஷ்டப்பட்டு முகத்தை நீட்டுகிறவர், எதிரிலிருப்பவர் தொழில் அறிந்தவர் என்று நம்பியே நீட்டுகிறார். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். "எங்கே கற்றீர்கள்? விபரீதமானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூச்சப்பட வேண்டாம்.

அந்த அமானிதத்தைப் பேணி நடக்க அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.