பாட்டனார் கேட்ட வரம்



நம் இல்லங்களில் மூத்தோர் ஒருவர் மறைந்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வருங்கால், திரிசரணம் கூறி, பஞ்சசீலம் ஏற்று, பிக்குகளுக்கும் ஏழைகளுக்கும் அன்னமளித்து, அப்புண்ணியத்தை அவருக்கு உரித்தாக்குகின்றோம். இதனைக் காணும் அயலார் சிலர், மனைவியையும் மகனையும் விட்டுச் சென்றவரைக் குருவாகக் கொண்டோர் பாட்டனுக்காகக் கண்ணீர் விடுவது பொருந்துமோ என வினவுகின்றனர். நம் இளைஞருள்ளும் சிலர், குடும்ப அன்பு தர்மத்துக்குப் பகையென எண்ணி, வீட்டுப் பெரியோரைப் பொருட்படுத்தாமல் நடக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் விடையாக நிற்பது ஒரு முதியவரின் சரித்திரம். அவர் பகவானின் தந்தையும் இராகுலரின் பாட்டனாருமாகிய சுத்தோதனர்.

சாக்கியர் குலத் தலைவராகிய அவர் கபிலவாஸ்துவில் வாழ்ந்தார். மகன் பிறந்த ஏழாம் நாளில் மனைவி மகாமாயா காலமானார். தாயற்ற சிசுவை மாயாவின் தங்கையாகிய மகாபிரஜாபதி கௌதமி எடுத்து வளர்த்தார். அம்மகனுக்குத் துன்பத்தின் நிழலும் படலாகாதென்று தந்தை செய்த ஏற்பாடுகளை நாம் அறிவோம். அவையனைத்தும் வீணாயின. 29ஆம் வயதில் மகன் நள்ளிரவில் இல்லம் நீத்தார்.

அதன்பின் சுத்தோதனர் வாழ்ந்த ஆண்டுகளை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் கண் எப்பொழுதும் போனவரையே தொடர்கின்றது, இருந்தவரை மறந்துவிடுகின்றது. மருமகள் யசோதரை ஒருபுறம், தந்தை முகமறியாப் பேரன் ஒருபுறம். அவ்வீட்டைத் தாங்கி நின்றவர் அந்த முதியவரே. கடுந்தவத்தால் மகன் மாண்டான் என்ற சொல் காதில் விழுந்தபொழுதும் அவர் அதனை நம்பவில்லை என்று ஜாதக உரை கூறும். மகன் புத்தராயினார் என்று கேட்டதும், அவரை அழைத்து வருமாறு தூதர்களை அனுப்பினார். ஒருவர்பின் ஒருவராக ஒன்பதின்மர் சென்றனர். சென்றவரெல்லாம் தர்மம் கேட்டுத் துறவு பூண்டு அங்கேயே தங்கிவிட்டனர். பத்தாவதாகச் சென்ற காலுதாயியே பகவானைக் கபிலவாஸ்துவுக்கு வருவித்தார்.

வந்தவரோ அரண்மனைக்கு வாராமல், ஓடேந்தி வீடுதோறும் பிச்சைக்கு நடந்தார். தந்தை பதறி ஓடி, குலத்துக்கு இழுக்கன்றோ என்று வருந்தினார். தம் மரபு இப்பொழுது அரசர் மரபன்று, புத்தர்களின் மரபு என்று பகவான் பொறுமையுடன் விளக்கினார். முதியவர் செவி சாய்த்தார். வயதையும் பதவியையும் காட்டி வாதாடாமல், மகன் வாயிலிருந்து தர்மத்தைக் கேட்டுக்கொண்ட அப்பணிவே அவருடைய முதற்பெருமை.

அவருக்குச் சோதனை இத்துடன் முடியவில்லை. இளைய மகன் நந்தரும் சங்கத்திற் சேர்ந்தார். பின்னர் யசோதரை சிறுவன் இராகுலனை அழைத்து, அவரே உன் தந்தை, உன் பிதிரார்ச்சிதத்தைக் கேள் என்று அனுப்பினார். பிள்ளை பகவானின் பின்னே நடந்தான். அழியும் பொருளைத் தருவதினும் அழியாப் பொருளைத் தருவதே தகுமென்று, சாரிபுத்திரரைக் கொண்டு பகவான் அவனைச் சாமணேரனாக்கினார். அப்பொழுது அவனுக்கு வயது ஏழு என்பது மரபு.

பாட்டனார் செய்தி கேட்டுப் பகவானிடம் வந்தார். வரம் ஒன்று வேண்டுமென்றார். விநய பிடகத்தின் மகாவக்கம் இதனை உருக்கமாக உரைக்கின்றது. மகன் பிரிந்தபொழுது துயருற்றதையும், நந்தர் பிரிந்தபொழுது துயருற்றதையும், இராகுலன் பிரிந்தபொழுது அத்துயர் அளவு கடந்ததையும் அவர் ஒளிக்கவில்லை. பிள்ளைப் பாசம் மேற்றோலில் தொடங்கி எலும்பின் உள்வரை அறுத்துச் செல்வது என்றார். பின்னர் அவர் கேட்டதாவது: இனிமேல் தாய் தந்தையரின் அனுமதியின்றி எப்பிள்ளையையும் துறவியாக்கலாகாது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். அவர் தம் பேரனைத் திருப்பித் தருமாறு கேட்கவில்லை. அந்த வரத்தால் அவர் வீட்டுக்கு யாதொரு பயனும் இல்லை. இராகுலன் போனவன் போனவனே. தம் நெஞ்சு அறுபட்டதுபோல் இன்னொரு தந்தையின் நெஞ்சு, இன்னொரு பாட்டனின் நெஞ்சு அறுபடலாகாது என்பதே அவர் வேண்டியது. தன் துயரைக் கொண்டு பிறர் துயரை அளந்தறிவதன்றோ கருணை? பகவானும் அத்துயரைப் பற்றென்று இகழவில்லை; கேட்டபடியே விதி வகுத்தார். இன்றும் உபசம்பதையின்போது, பெற்றோரின் அனுமதி பெற்றாயா என்று கேட்காமல் எவரையும் பிக்குவாக்குவதில்லை. அக்கேள்வி ஒவ்வொரு முறை எழும்பொழுதும், ஒரு பாட்டனாரின் கண்ணீர் அங்கே பேசுகின்றது.

சுத்தோதனர் நோயுற்றபொழுது, வைசாலியில் தங்கியிருந்த பகவான் வந்து அவருக்குத் தர்மம் உரைத்தார் என்றும், அவர் அரகத்து நிலையெய்தி மறைந்தார் என்றும் உரைநூல்கள் கூறும். மகன் வீட்டைத் துறந்தாரேயன்றித் தந்தையைக் கைவிடவில்லை.

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையிலும் ஒரு பாட்டனார் உண்டு. மதுரையில் மகன் கோவலனுக்கு நேர்ந்த முடிவைக் கேட்ட மாசாத்துவான், புத்த தர்மத்தைச் சரணடைந்து துறவியானார். வஞ்சி நகரில் தம்மைக் கண்டு வணங்கிய பேத்தி மணிமேகலையை அவர் தம்மிடம் நிறுத்திக்கொள்ளவில்லை. மழையின்றிப் பசியால் வாடும் காஞ்சிக்கு அமுதசுரபியுடன் செல்லுமாறு வழிகாட்டினார். கபிலவாஸ்துவில் எழுந்த அன்பே வஞ்சியிலும் எழுந்தது. தன் வீட்டுப் பிள்ளையின் மீது பிறந்த அன்பு, ஊரார் பிள்ளைகளின் பசியையும் தன் பசியாகக் கண்டது.

ஆகவே, நம்முட் புதிதாகத் தர்மத்தைத் தழுவிய இளைஞருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பாட்டனார் இன்னும் பழைய வழக்கங்களை விடாதிருக்கலாம்; நீங்கள் திரிசரணம் கூறுங்கால் திண்ணையில் முகம் திருப்பி அமர்ந்திருக்கலாம். அவரை இகழாதீர்கள். பகவானின் தந்தைக்கே தெருவில் பிச்சையேந்திய மகனைக் கண்டு முதலில் நாணமும் வருத்தமுமே தோன்றின. பகவான் அவரிடம் காட்டிய பொறுமையில் ஒரு துளியேனும் நாம் காட்டவேண்டாமா? கூலிக்கு உழைத்து, தாம் அரைவயிறு உண்டு, நம்மைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரல்லவா? அறத்தின் பெயரறியாமலே அறஞ்செய்தவர் அவர்.

மறைந்துபோனவருக்கும் நாம் செய்யத்தக்கது உண்டு. இராஜகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் உபதேசித்தபொழுது, பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆற்றும் ஐந்து கடமைகளுள் ஒன்றாக, அவர்கள் மறைந்தபின் அவர்கள் பொருட்டுத் தானம் செய்வதையும் கூறினார். அத்தானம் எவ்வாறு அமையவேண்டும்? நம் பாட்டனார் எதற்காக வருந்தினாரோ அத்துன்பம் இன்னொருவர் வீட்டில் நிகழாவண்ணம் அமைவதே சிறந்த தானம். அவர் எழுத்தறியாமல் ஏங்கினாராயின், ஓர் ஏழைச் சிறுவனுக்குப் புத்தகம் வாங்கித் தருக. மருந்தின்றி மாண்டாராயின், ஒரு நோயாளிக்கு மருந்தளிக்க. பசியறிந்தவராயின், பசித்தோருக்குச் சோறிடுக. அப்பொழுது நம் கண்ணீரும் சுத்தோதனர் கேட்ட வரத்தைப்போல், நமக்கென ஒன்றும் வேண்டாது பிறரைக் காப்பதாகும்.

மறைந்த மூத்தோர் அனைவருக்கும் இப்புண்ணியம் சேர்வதாக! சகல ஜீவர்களுக்கும் மங்களம் உண்டாகுக!

சாது! சாது! சாது!